டைப்பு டீச்சர் கையைத் தூக்கினால்

தென்காசியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் டைப்பு டீச்சர். மாடியில் தொங்கிய பலகையில் இருந்த பெயர்கூட அவருடையது அல்ல. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை ஆரம்பித்துவிட்டு, ஏழு மிஷினையும் தங்கை தலையில் கட்டிவிட்டு, பம்பாய்க்குப் போன அண்ணனுடைய பெயர் அது.

மாடிப்படி ஏறும்போதே உள்ளே நடப்பது காதில் விழுந்துவிடும். ஆறு மிஷின்களில் பிள்ளைகள் தட்டுத்தடுமாறிப் பழகிக்கொண்டிருப்பார்கள். ஜன்னலோரத்து ஏழாவது மிஷின் டீச்சருடையது. அதில்தான் ஊராருக்கு மனுவும் கடிதமும் அடித்துக் கொடுப்பார். அது ஓடும் சத்தம் மற்ற ஆறையும் தாண்டித் தனியாகக் கேட்கும். அது சட்டென்று நின்றால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

டீச்சருக்குப் புரியாத வரி வந்தால் கை ஓடாது. இரண்டு கையையும் எழுத்துக் கட்டைகளுக்கு மேலே நாலு விரற்கடை தூக்கி, அப்படியே வைத்துக்கொள்வார். திரும்பிப் பார்க்க மாட்டார். கண் தாளிலேயே இருக்கும். வாயின் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கும் எலுமிச்சை ஊறுகாய்த் தோலை மறுபக்கம் தள்ளிவிட்டு, "யாரு?" என்பார். குரலில் கோபமே இருக்காது. அதனாலேயே பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

அந்த எலுமிச்சைத் தோலுக்கே ஒரு கதை உண்டு. புளியங்குடியிலிருந்து ஒரு எலுமிச்சைக் கமிஷன் கடை அண்ணாச்சி, கல்கத்தா வியாபாரிக்குக் கடிதம் அடிக்க வந்திருந்தார். சரக்கு பத்து நாள் பிந்திப் போயிருந்தது. 'தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதம் ஏற்பட்டுவிட்டது' என்று யாரிடமோ ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வந்திருந்தார். டீச்சரின் கை மேலே போய்விட்டது.

"யாரு?"

"என்னது யாரு?"

"தாமதம் யாரால? லாரிக்காரனா, மழையா, நீங்களா?"

"லெட்டருன்னா அப்படித்தான எழுதுவாவ டீச்சர்."

"எழுதுவாவ. கல்கத்தாக்காரருக்கு வெவரம் தெரியணும்லா. மறுபடியும் இப்படிப் பிந்துமா பிந்தாதான்னு அவிய எப்படிக் கண்டுபிடிப்பாவ?"

அண்ணாச்சி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பெஞ்சில் இருந்த நாங்கள் நாலு பேரும் வேறெங்கோ பார்த்தோம். கடைசியில், "மக கல்யாணம். அந்தக் களேபரத்துல நாந்தான் மறந்துட்டேன்" என்றார்.

"அதையே அடிப்போம்" என்றார் டீச்சர். கை இறங்கியது. மூன்றே வரி. கல்கத்தாக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. மணமக்களுக்கு ஆசீர்வாதம் எழுதி, அடுத்த சரக்குக்கும் ஆர்டர் அனுப்பினார். அதிலிருந்து மாதம் தவறாமல் புளியங்குடியிலிருந்து ஒரு பை எலுமிச்சம்பழம் மாடியேறி வந்துவிடும்.

எல்லோரும் அப்படிப் பழம் கொடுத்துவிடவில்லை. ஒரு சர்க்கார் ஆபீஸ்காரர் அறிக்கை ஒன்றைக் கொண்டுவந்தார். 'மேற்படி இடத்தில் குடியிருப்பு எதுவும் இல்லை என்று தெரியவருகிறது' என்று ஒரு வரி. டீச்சர் கையைத் தூக்கி, "யாரு போய்ப் பாத்தா?" என்றார். அவர், தான் டைப் அடிக்கத்தான் வந்ததாகவும், பதில் சொல்ல வரவில்லை என்றும் சொன்னார். "அப்ப நீங்க போகல" என்றார் டீச்சர். அவர் தாளை வெடுக்கென்று உருவிக்கொண்டு போனார். அதோடு அந்த ஆபீஸிலிருந்து டீச்சருக்கு வந்துகொண்டிருந்த வேலை மொத்தமும் நின்றுபோயிற்று. ஒரு மாதம் கழித்து நானே அதைப் பற்றிக் கேட்டேன். "போட்டும். அங்கன நாலு குடிசை இருக்கு. எனக்குப் பால் ஊத்துத அம்மா அங்கனதான் இருக்காவ" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

நான் அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சி. அப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும். எங்கள் குடும்பத்தில் படிப்பு என்றால் போலீஸ் செலக்‌ஷனுக்கு வேண்டிய மட்டும்தான். மாமா ஒருவர் போலீஸில் இருந்தார். என் உயரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கை துறுதுறுக்கும். அவரிடமிருந்து தப்பித்துப் பட்டணத்துக்குப் போய்ச் சமூகவியல் எம்.ஏ. சேர்ந்தேன். அது என்ன படிப்பு என்று அப்பா கேட்டதற்கு நான் சொன்ன விளக்கம் எனக்கே புரியவில்லை. அறுபதுகளின் தொடக்கம் அது.

கடைசி வருஷத்துக்கு ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். சொந்த ஊர்ப் பக்கமே இருக்கட்டும் என்று குற்றாலத்தில் சீசனுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களை எடுத்துக்கொண்டேன். ஒரு சீசன் பூராவும் அருவிக்குப் போகும் பாதையில் நின்று, அச்சடித்த கேள்வித்தாளை வைத்துக்கொண்டு நாற்பது பேரைக் கேட்டேன். பிறகு பட்டணத்தில் உட்கார்ந்து, நூலகத்தில் இருந்த தடித்த புத்தகங்களிலிருந்து பெரிய பெரிய ஆங்கில வார்த்தைகளாகப் பொறுக்கி எழுதினேன். எழுதி முடித்து வாசித்தபோது என் மேல் எனக்கே மரியாதை வந்தது.

ஆனி மாதம் அது திரும்பி வந்தது. பரிசோதகர் மேலட்டையில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'இதில் என்ன சொல்ல வருகிறார் என்று விளங்கவில்லை.' ஆவணி முடிவதற்குள் திருத்திக் கொடுக்கலாம். ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. என் கல்லூரியிலேயே எனக்காக ஒரு ஆசிரியர் வேலையை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பட்டம் வந்தால் அது எனக்கு. வராவிட்டால் மாமா தயாராக இருந்தார். என் மார்பளவுகூட எடுத்து வைத்திருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டணத்தில் டைப் அடித்தவன் மேல் பழியைப் போட்டேன். அவன் அடித்த லட்சணத்தில் பரிசோதகருக்குக் கண் தெரிந்திருக்காது, நல்ல மிஷினில் சுத்தமாக அடித்தால் விளங்கிவிடும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் சைக்கிளை மிதித்துத் தென்காசிக்கு வந்து, நூற்றைம்பது பக்கத்தை டீச்சர் மேஜையில் வைத்தேன். சீசன் காற்று ஜன்னல் வழியே வீசுவீசென்று வீசிக்கொண்டிருந்தது. டீச்சர் சிற்றாற்றுக் கூழாங்கல் ஒன்றை எடுத்துத் தாள் மேல் வைத்தார். அப்போது அவருக்கும் என் வயதுதான். இருபத்துநாலு. கொண்டையில் ஒரு பென்சில், வலது கட்டைவிரலில் ரிப்பன் மை. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.தான். ஆனால் ஏழு வருஷமாக ஊர் உலகத்து ஆங்கிலமெல்லாம் அவர் விரல் வழியாகப் போயிருந்தது.

கார்பன் வைத்துத் தாளை உருட்டி ஏற்றினார். முதல் வரியைப் பார்த்தார். ஒரு எழுத்துக்கூட விழவில்லை. கை மேலே போய்விட்டது.

என் முதல் வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பருவகாலச் சமூக அமைப்பின் உள்ளியக்கங்களே வேலைவாய்ப்பின் தன்மையைப் பெருமளவில் நிர்ணயிப்பதாகக் கருதப்படுகிறது.'

"யாரு கருதுதாவ?"

"அறிஞர்கள்."

"எந்த அறிஞர்? குத்தாலத்துக்கு வந்திருக்காவளா?"

"டீச்சர், இது ஆராய்ச்சி. இதில் இப்படித்தான் எழுதணும்."

"அப்படியா? சரி, எம்.ஏ. சார், இந்த வரியில எண்ணெ தேய்க்கவன் எங்கன இருக்கான்? அத மட்டும் காட்டுங்க. அடிச்சிருதேன்."

நான் அந்த வரியைப் பார்த்தேன். எண்ணெய் தேய்க்கிறவன் அதில் இல்லை. அடுத்த வரியிலும் இல்லை. அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினேன். ஒன்பதாம் பக்கம் வரையில் அவன் வரவே இல்லை. பழகிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி கையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கூழாங்கல்லைத் தள்ளிவிட்டு, தாள்களை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஊரில் இன்னொரு இன்ஸ்டிடியூட் இருந்தது. அங்கே போனேன். அங்கிருந்தவர் எதையும் கேட்கவில்லை. கடகடவென்று முப்பது பக்கம் அடித்துக் கொடுத்தார். ராத்திரி வீட்டில் அதை வாசித்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியும் முடியும்போது, யாரு, யாரு என்று மண்டைக்குள் கேட்டது. பதில் ஒன்றுக்கும் வரவில்லை. அவமானமாக இருந்தது. மறுநாள் காலையில் மறுபடியும் டீச்சருடைய பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவர் போன கதை வந்த கதை எதையும் கேட்கவில்லை. "வாங்க எம்.ஏ. சார். கூட்டத்த முடிச்சிட்டு வாரேன்" என்றார்.

அவருடைய வழி மிகவும் எளிது. ஆங்கிலத்தில் இருக்கும் வரியை என்னை ஊர்த்தமிழில் சொல்லச் சொல்வார். சொல்ல முடிந்தால் அடிப்பார். முடியாவிட்டால் அந்த வரிக்கு மேல் பென்சிலால் ஒரு புள்ளி. முதல் நாள் இருபது பக்கம் பார்த்தோம். தாள் பூராவும் புள்ளி. ஒரு அத்தியாயத்தில் சொல்லத் தேறியது நாலே வரி. பெரிய வார்த்தைகளை அள்ளிப்போட்டு நான் மூடி வைத்திருந்தது எனக்குத் தெரியாத விஷயங்களைத்தான் என்று அன்றுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் அந்த வரிக்கு வந்தோம். என் ஆய்வுக்கே முதுகெலும்பு என்று நான் நினைத்த வரி. 'சீசன் காலத்தில் இவர்களிடையே வேலையின்மை மிகக் குறைவாகவே காணப்படுகிறது.' இதைத் தமிழில் சொல்ல எனக்குத் தடுமாற்றமே இல்லை. "சீசன்ல இவங்க யாரும் சும்மா இருக்கிறதில்ல" என்றேன்.

கை மேலேதான் இருந்தது. "யாரு கண்டா?"

"நான். நாற்பது பேரையும் கேட்டேன். சீசன்ல எத்தன நாள் வேலை இல்லாம இருந்தீங்கன்னு கேட்டேன். ஒரு நாள், ரெண்டு நாள்னாங்க. பாதிப்பேர் ஒரு நாளும் இல்லன்னுட்டாங்க. கேள்வித்தாள் இருக்கு டீச்சர்."

இந்தத் தடவை நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்தேன். டீச்சர் யோசித்தார். அன்று பெஞ்சில், அருவிக்கரையில் கடை போடுவதற்கு மனு அடிக்க, குற்றாலத்து எண்ணெய்க்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். நான் கேள்வி கேட்ட நாற்பது பேரில் அவரும் ஒருவர். விரிந்த கை, நல்லெண்ணெய் வாசனை. டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். டீச்சர் திரும்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, போன வருசம் சீசன்ல எத்தன நாளு வேலை இல்லாம இருந்திய?"

"ரெண்டு நாளு டீச்சர். காச்சல்ல படுத்துட்டேன். இவருட்ட அன்னைக்கே சொன்னேனே."

நான் டீச்சரைப் பார்த்தேன். பார்த்தீர்களா என்பதுபோல.

"போன வருசம் ஆடியில சாரலே இல்லாம, அருவி நூலா ஒழுகிச்சே. பாறை காஞ்சு கெடந்துச்சே. அன்னைக்கெல்லாம் எங்கன இருந்திய?"

"அன்னைக்கு எப்படி டீச்சர் வேலை இருக்கும்? ஊர்ப்பக்கம்தான் கெடந்தேன்."

"அத ஏன் சொல்லல?"

எண்ணெய்க்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு படித்தவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பரிதாபம் அந்தப் பார்வையில் இருந்தது. "தண்ணி விழலன்னா அது சீசனே இல்லல்லா. அவரு சீசன்லன்னு கேட்டாரு. தண்ணி விழுந்தும் நான் போகாத நாளத்தான சொல்லணும்? தண்ணி கூடிப்போயி, போலீஸ்காரன் ஒருத்தரையும் குளிக்க விடாத நாளும் அப்படித்தான். அது அருவி எடுத்துக்கிட்ட நாளு. அத எங்க கணக்குல எப்படிச் சேக்க?"

மிஷின் சத்தமே இல்லை. பழகுகிற பிள்ளைகளும் நிறுத்தியிருந்தார்கள். நாற்பது பேரும் எனக்குப் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய காலண்டரில் சீசன் என்பது ஆனி ஆடி ஆவணி இல்லை. அருவி விழுகிற நாள் மட்டும்தான். மற்ற நாட்கள் ஒருவர் கணக்கிலும் இல்லாமல் அந்தரத்தில் நின்றன. என் 'மிகக் குறைவாகவே' என்ற வார்த்தைக்கு அடியில் அத்தனை நாட்களும் புதைந்து கிடந்தன.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆவணி முடிய ஐந்து வாரம்தான் இருந்தது. ஆய்வே தப்பு. "போச்சு டீச்சர்" என்றேன். "மாமாகிட்டயே போயிருதேன்." பட்டணத்துப் பேச்சு போய், என் வாயில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டதை அப்போது நான் கவனிக்கவில்லை.

டீச்சர் கவனித்திருப்பார். "எது போச்சு? இப்பத்தான சார் ஒங்களுக்கு எழுத ஒரு விஷயம் கெடச்சிருக்கு" என்றார். "வெளிய சாரல் அடிச்சிக்கிட்டு கெடக்கு. இந்த வருசம் சீசன் இன்னும் முடியல. போயிக் கேளுங்க. சீசன்ல எத்தன நாளுன்னு கேக்காதிய. நேத்து எங்க இருந்திய, முந்தாநாளு எங்க இருந்திய, அப்படிக் கேளுங்க."

அச்சடித்த கேள்வித்தாளை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு குற்றாலத்துக்குப் போனேன். நாலு வாரம் தினமும் போனேன். ஒவ்வொருவரிடமும் நேற்று, முந்தாநாள் என்று கேட்டு எழுதினேன். நல்ல சாரல் ஒரு வாரம் அடித்தது. பிறகு வெயில் வந்தது. அருவி மெலிந்து, பாதை காலியானது. எண்ணெய்க்காரர்கள் ஒருவரையும் காணவில்லை. அவர்களைத் தேடிச் சைக்கிளில் அலைந்தேன். இரண்டு பேர் அச்சன்புதூர்ப் பக்கம் வயலில் இருந்தார்கள். மற்றவர்களைக் கண்டுபிடிக்க முடியாமல், மத்தியானம் பசியோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா தோப்பில் இருக்கிறார் என்றாள் அம்மா. தோப்புக்குப் போனேன்.

அங்கே வரிசையாகக் கம்பி நட்டுத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் என் எண்ணெய்க்காரர்கள்.

"என்னப்பா இது, இவங்க இங்கயா வாராங்க?" என்றேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, சாரல் இல்லன்னா அவனுவதான வாரானுவ. நீ சின்னப்பிள்ளையில இருந்து பாக்குததுதான?" என்றார்.

ஆமாம், பார்த்ததுதான். என் ஆய்வின் விடை பிறந்ததிலிருந்து என் வீட்டுத் தோப்பிலேயே உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தது. நான் அதை விட்டுவிட்டுப் பட்டணத்து நூலகத்தில் தேடியிருக்கிறேன். அங்கேயே ஒரு மட்டையின் மேல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். கையிலிருந்து வார்த்தை தானாக வந்தது. யார், எங்கே, எப்போது, என்ன செய்தார், யார் சொன்னார். அவ்வளவுதான். சந்தோஷத்தில் பசி தெரியவில்லை.

எழுத எழுதத் தென்காசிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் அடித்தார். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் அவருடைய சித்தப்பா மாடியேறி வந்தார். டீச்சருக்கு ஒரு வரன் வந்திருந்தது. தரகர் கொடுத்த கடிதத்தை அவர் சந்தோஷமாக வாசித்தார். 'மாப்பிள்ளை செங்கோட்டையில் நல்ல உத்தியோகத்தில் இருப்பதாகத் தெரிகிறது.' எனக்கு அந்த வரி வந்ததுமே பகீரென்றது. எதிர்பார்த்தபடியே டீச்சரின் கை மேலே போனது.

"யாருக்குத் தெரியுது சித்தப்பா?"

"தரகருக்குத்தான்ம்மா."

"தரகர் பாத்தாவளா?"

"அவரு மச்சான் சொன்னானாம்."

"நீங்க ஒரு எட்டு செங்கோட்டைக்குப் போயி, அவிய வேலை பாக்குத எடத்தப் பாத்துட்டு வாங்க. அங்கன அவிய இருந்தா எனக்குச் சம்மதம்."

சித்தப்பா முனகிக்கொண்டே போனார். மறுநாள் வந்து, அப்படி ஓர் ஆளே அங்கே வேலையில் இல்லை என்றார். டீச்சர் தலையாட்டிவிட்டு அடிக்கத் தொடங்கினார். அன்று ஒரே தாளில் மூன்று இடத்தில் பிழை விட்டார். ரப்பரை எடுத்து அழித்து, ஊதி, மறுபடி அடித்தார். அவர் பிழை விட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். ஜன்னலுக்கு வெளியே, எப்போதோ இடி விழுந்து பிளந்து நின்ற கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது.

புது ஆய்வேடு அறுபது பக்கம்தான் வந்தது. முதல் பத்துப் பக்கத்தில் டீச்சர் கை ஆறு தடவை நின்றது. அடுத்த இருபதில் மூன்று தடவை. முப்பதாம் பக்கத்துக்கு மேல் நிற்கவே இல்லை. நான் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். வரி முடிகிற மணி, உருளை திரும்புகிற சத்தம், மறுபடி ஓட்டம். அதற்கு முன்னும் பின்னும் என் எழுத்துக்கு இவ்வளவு பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

கடைசித் தாள் நன்றியுரை. அதில் மட்டும் கை நின்றது. 'இவ்வாய்வுக்குத் தென்காசியில் உதவி கிடைத்தது' என்று எழுதியிருந்தேன். "யாருகிட்ட?" என்றார் டீச்சர். உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "பேரு எதுக்கு? யாருன்னு கேட்டா என்ன செஞ்சாவன்னு சொல்லுங்க" என்றார். அங்கேயே பென்சிலை வாங்கி மாற்றி எழுதினேன்: 'தென்காசியில் டைப் அடிக்கும் ஒரு பெண் புரியாத வரிகளை அடிக்க மறுத்தார். அதனால் நான் மறுபடியும் குற்றாலத்துக்குப் போனேன்.' அவர் அதை ஒரு தடவை பார்த்தார். எலுமிச்சைத் தோலை மறுபக்கம் தள்ளினார். பிறகு அடித்தார். இங்கேயும் அவர் பெயரை எழுதாமல் இருப்பதற்கு அந்தச் சொல்தான் காரணம்.

ஆவணி முடிய மூன்று நாள் இருக்கும்போது தபாலில் சேர்த்தேன். ஐப்பசியில் வாய்மொழித் தேர்வுக்குப் பட்டணத்துக்குக் கூப்பிட்டார்கள். முதலில் திருப்பி அனுப்பிய அதே பரிசோதகர்தான் வந்திருந்தார். தடித்த கண்ணாடி. ஒரு பக்கத்தைத் திறந்து, அவரே உரக்க வாசித்தார்.

'சாரல் இல்லாத நாட்களில் இவர்களில் பலர் இலஞ்சித் தோப்புகளில் தேங்காய் உரிக்கிறார்கள். என் அப்பாவின் தோப்பும் அவற்றில் ஒன்று. முதல் தடவை இந்த ஆய்வை எழுதியபோது நான் இதைப் பார்க்கவில்லை.'

கண்ணாடியைக் கழற்றினார். "ஆய்வில் யாரும் இப்படித் தன் குறையைத் தானே எழுதிக் காட்ட மாட்டார்கள். 'முன்பு கவனிக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே?"

"அப்படி எழுதினால், 'யார் கவனிக்கவில்லை?' என்று கேட்பார்கள் சார்" என்றேன்.

"யார் கேட்பார்கள்?"

நன்றியுரையைப் பார்க்கச் சொன்னேன். அவர் பின்பக்கம் திருப்பி வாசித்தார்.  பிறகு பக்கத்தில் இருந்த பேராசிரியர்களிடம் அந்தத் தாளை நீட்டினார். அவர்களும் வாசித்தார்கள். எண்ணெய்க்காரர்களின் கணக்கைப் பற்றி அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் கேட்டார்கள். எந்தக் கேள்விக்கும் நான் திணறவில்லை. யார் சொன்னது, எந்த இடத்தில், என்றைக்கு என்று எல்லாம் என்னிடம் இருந்தது. கடைசியில் பரிசோதகர் பாஸ் என்று சொல்லிவிட்டு, "ஒரு பிரதி எனக்கு வேண்டும். என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்" என்றார். ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிய அதே மனிதர்.

வெளியே வந்ததும் தந்தி ஆபீஸுக்கு ஓடினேன். இன்ஸ்டிடியூட் விலாசத்துக்கு ஒரே வார்த்தை: 'பாஸ்.' சுருக்கமாக எழுதக் கற்றுக்கொண்ட திமிரில் என் பெயரைக்கூடப் போடவில்லை.

மறுநாள் சாயங்காலம் ரயிலைவிட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேராக அந்த மாடிப்படியில் ஏறினேன். ஏழாவது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் எண்ணெய்க்காரரும் புளியங்குடி அண்ணாச்சியும் இருந்தார்கள். நான் வாசலில் நின்றதும் மிஷின் நின்றது. டீச்சர் இரண்டு கையையும் தூக்கி அப்படியே வைத்திருந்தார். கூழாங்கல்லுக்கு அடியில் என் தந்தி இருந்தது.

"தந்தி வந்துச்சு" என்றார், தாளைப் பார்த்தபடியே. "பாஸ்னு போட்டிருந்துச்சு. யாரு?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.  பதில் என்னிடம் இருந்தது.

"நாந்தான் டீச்சர்" என்றேன். "நான் எழுதினேன். இந்த எண்ணெக்கார அண்ணாச்சி சொன்னாவ. நீங்க கையத் தூக்குனிய. நாம மூணு பேரும் பாஸ்."

"அப்ப சரி" என்றார் டீச்சர். கை இறங்கியது. மிஷின் ஓட ஆரம்பித்தது.